மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

கிணற்று மோட்டார் தண்ணீரை இழுக்கிறதா, சும்மா சுற்றுகிறதா என்று அடுக்களையில் நின்றபடியே சொல்லிவிடலாம். தண்ணீர் ஏறும்போது சத்தம் கொஞ்சம் கனமாக, தொண்டை கட்டினவர் பேசுவதுபோல இருக்கும். இழுக்கவில்லை என்றால் லேசாகி, கீச்சென்று மேலே போய்விடும். போன வைகாசியில் ஒரு நாள் காலை காபிக்குப் பால் வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். முதல் நிமிஷம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் இரண்டு இருமல். அப்புறம் கீச். ஓடிப்போய் அணைத்தேன். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் உள்ளே இருக்கிற சீல் சூடேறிக் கெட்டுப்போகும். நான் திரும்பி வருவதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

எங்கள் வீடு திருவானைக்காவலில். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். ஊர்ச் சாமியே அப்புலிங்கம், கருவறைக்குள் நீர் ஊறிக்கொண்டிருக்கிற கோயில். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு வறண்டு மணலாகக் கிடக்கும் பங்குனி, சித்திரை, வைகாசியில் எங்கள் கிணறும் இறங்கத்தான் செய்யும். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து, தண்ணீர் முக்கொம்பு தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் கிணறும் மெதுவாக ஏறிவிடும். அதுவரை ஒப்பேற்ற வேண்டும்.

அதனால் பிளம்பர் தம்பி வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. "தண்ணி கீழ போயிருச்சு டீச்சர். இந்த மோட்டார் இனிமே இழுக்காது. போர் போட்டு சப்மெர்சிபிள் எறக்கிருங்க. ஒண்ணேகால் லட்சம் ஆகும், நம்ம ஆளே இருக்காரு."

மொத்தம் ஏழு நிமிஷம் இருந்தார். அதில் மூன்று நிமிஷம் போனில் பேசினார். அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வீடு பார்த்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். ஒரு மோட்டாருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அரை நாள் உட்கார்ந்து அது ஏன் இருமுகிறது என்று பார்க்க அவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? எனக்குக் கூலி வேண்டாம். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது, நேரம் ஒன்றுதான் என்னிடம் தாராளமாக இருக்கிறது.

முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தினேன். வீட்டு ரிப்பேர் அந்தக் காலத்தில் தெரியாது. ஓய்வுக்குப் பிறகுதான் கை வைக்க ஆரம்பித்தேன், அதுவும் ஒரு கதவைக் கெடுத்து. கொல்லைக் கதவு ஐப்பசி மழையில் உப்பி நிலையில் மாட்டிக்கொண்டது. இழைப்புளி ஒன்றை இரவல் வாங்கி, பிடிக்கிற ஓரத்தைப் பெருமையாக இழைத்துத் தள்ளினேன். கதவு வெண்ணெயாகச் சாத்திக்கொண்டது. சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கியதும், கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி போய்வரும் அளவுக்குச் சந்து. மழையில் உப்பின மரத்தை மழையிலேயே இழைக்கக் கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில்தான் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், காய்ந்தால் இளைக்கும். இப்போதெல்லாம் மழைக்காலத்தில் கதவு பிடித்தால் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து ஓரத்தில் நன்றாகத் தேய்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். அந்தச் சந்து இன்னும் இருக்கிறது. ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறேன். பல்லிகள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டன.

எங்கள் வீட்டுக்காரர் வங்கியில் கேஷியராக இருந்தவர். கரண்ட் என்றால் மூன்றடி தள்ளி நிற்பார். டார்ச் பிடிக்க மட்டும் கூப்பிட்டால் வருவார். ஆனால் வெளிச்சம் நான் பார்க்கிற இடத்தில் இருக்காது, அவர் பார்க்கிற இடத்தில் இருக்கும். மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறதே என்று நான் ஸ்டூலில் ஏறி கெப்பாசிட்டரை மாற்றுகிறபோது (இரண்டரை மைக்ரோஃபாரட், தீப்பெட்டியைவிடச் சின்னது, வருஷம் ஆக ஆகத் திறன் குறைந்துபோகும், அதுதான் பாதி மின்விசிறிகளின் வியாதி) அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு, "மெயினை அணைச்சாச்சா, மெயினை அணைச்சாச்சா" என்று ஜபம் செய்துகொண்டிருப்பார். இந்த இரட்டைப் பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து வேலை செய்வது இருக்கிறதே, கிட்டப் பார்க்கிற கண்ணாடி கீழே இருக்கிறது, வயரோ தலைக்கு மேலே இருக்கிறது. கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். அறுபது தாண்டினவர்களுக்கு யாராவது மேல் பாதியில் கிட்டப் பார்வை வைத்து ஒரு கண்ணாடி செய்து கொடுத்தால் புண்ணியம்.

சரி, மோட்டார். பிளம்பர் போனதும் முதல் வேலையாகக் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டேன். 'தொளக்' என்ற இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சு போட்டு, மேலே இழுத்து டேப் வைத்து அளந்தால் இருபத்துநாலரை அடி. கைப்பிடிச் சுவரின் உயரம் இரண்டரை அடி. மோட்டார் சுவருக்கு வெளியே தரையோடு உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அதைக் கழிக்க வேண்டும். இருபத்திரண்டு அடி. மீட்டரில் 6.7.

இந்த எண்ணைப் பார்த்ததும்தான் எனக்குள் இருந்த டீச்சர் எழுந்து உட்கார்ந்தாள். மேலே இருக்கிற மோட்டார் தண்ணீரை "இழுக்கிறது" என்று சொல்கிறோம். உண்மையில் எந்த மோட்டாராலும் தண்ணீரை இழுக்க முடியாது. குழாய்க்குள் இருக்கிற காற்றழுத்தத்தை அது குறைக்கிறது, வெளியே கிணற்று நீரின் மேல் உட்கார்ந்திருக்கிற காற்று தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. தள்ளுகிறவர் காற்று. அவருடைய பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. பாதரசமாக இருந்தால் 76 சென்டிமீட்டர் தூக்குவார். பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பார்த்தால் தண்ணீரை 10.3 மீட்டர், கிட்டத்தட்ட முப்பத்துநாலு அடி. அதற்கு மேல் எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் நடக்காது. 1640-களில் இத்தாலியில் டொரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்துப் பார்த்ததற்குப் பின்னால் இருந்ததும் இதே கிணற்றுப் பிரச்சினைதான், முப்பதடிச் சொச்சத்துக்கு மேல் பம்பு ஏன் இழுக்க மாட்டேன் என்கிறது என்பது. இதை எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

நடைமுறையில் குழாயின் உராய்வு, வளைவுகள் எல்லாம் போக இருபத்தைந்து அடி வரைக்கும் நம்பலாம். எங்கள் கிணறு இருபத்திரண்டு. ஓரத்தில் நிற்கிறது, ஆனால் எல்லையைத் தாண்டவில்லை. ஃபுட் வால்வு இருபத்தெட்டு அடியில் தொங்குகிறது, அதற்கு மேல் ஆறடி தண்ணீர் நிற்கிறது. அப்படியானால் போர் எதற்கு?

அடுத்த சந்தேகம் அந்த ஃபுட் வால்வு மேல். குழாயின் அடியில் இருக்கிற அந்த வால்வு சரியாக மூடாவிட்டால், மோட்டார் நின்றதும் குழாயில் இருக்கிற தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பிவிடும். அதைச் சோதிக்க ஆளை இறக்க வேண்டாம். மோட்டார் தலையில் தண்ணீர் ஊற்றுகிற துவாரத்தைத் திறந்து, வாய் ததும்ப ஊற்றி, திறந்தபடியே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வால்வு ஒழுகினால் சில நிமிஷத்தில் தண்ணீர் காணாமல் போய்விடும். நான் ஊற்றிவிட்டுப் போய் முருங்கைக் கீரை ஆய்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் விரற்கடைதான் இறங்கியிருந்தது. வெயில் குடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இங்கேதான் தப்பு செய்தேன்.

அடுத்த தெருவில் ஓர் அண்ணா இருக்கிறார், எழுபத்துநாலு வயது, பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1928-இல் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியபோது கூடவே வந்த குடும்பம். ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி என்ஜினையே கட்டின பட்டறை என்பதைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்துவார். போன வருஷம் ஏணியிலிருந்து சறுக்கினதிலிருந்து அவருடைய மகன் ஏணியைப் பூட்டிவைத்துவிட்டார். அதனால் கை அரிப்பு தீர எங்கள் வீட்டுக்கு வருவார். ஸ்பேனர்களை நியூஸ் பேப்பரில் சுற்றி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, காய்கறி வாங்கப் போகிறவர்போல.

நான் நடந்ததைச் சொன்னேன். விரற்கடை இறங்கினதையும் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வெயிலா டீச்சரம்மா? ஒரு மணி நேரத்துல அந்தச் சின்ன ஓட்டையில விரற்கடை தண்ணிய வெயில் குடிக்குமா?"

குடிக்காது. நியாயம்.

"அந்தக் காலத்து ரயில்ல வேக்கூம் பிரேக்கு. அதுல லீக்கு இருந்தா வெளிய ஒண்ணும் தெரியாது. எண்ணெய் ஒழுகாது, தண்ணி சொட்டாது. காத்து உள்ளதான் போகும். இதுவும் அந்தக் கேஸுதான். சோப்பு நுரையத் தடவிப் பாருங்க, உள்ள இழுக்கும்."

தடவினோம். துணி துவைக்கிற சோப்பு நுரை குழாயின் மேல் பக்கம் நின்றது, அடிப்பக்கம் நிற்காமல் வழிந்தது. அப்போதுதான் எனக்கு ஷேவிங் கிரீம் ஞாபகம் வந்தது. குளியலறையிலிருந்து எங்கள் வீட்டுக்காரரின் டியூபையும் பிரஷ்ஷையும் எடுத்துவந்து, கெட்டியாக நுரை கிளப்பி, கிணற்றிலிருந்து மோட்டார் வரைக்கும் ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் தாடி வைத்தேன். எல்போவுக்கு ஒரு தாடி. காலருக்கு ஒரு தாடி. குழாயை மோட்டாரோடு இணைக்க மோட்டார் வாயில் மரை ஏறுகிற பிளாஸ்டிக் துண்டு, அதற்கு எம்.டி.ஏ. என்று பெயர், அதற்குச் சுற்றிலும் தாடி. தண்ணீர் ஊற்றி நிரப்பி, சுவிட்ச். இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். அண்ணாவுக்குக் கண்ணில் புரை, ஆகவே பார்த்தது நான்தான். முதலில் ஒன்றும் இல்லை. மோட்டார் முதல் இருமல் இருமினபோது, எம்.டி.ஏ.வின் அடிப்பக்கத்து நுரையில் கன்னத்தில் விழுகிற குழிபோல ஒரு குழி விழுந்தது. குழி ஆழமாகி, நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் தடவினால்கூடத் தட்டுப்படாத விரிசல்.

முந்தின மாசியில் மோட்டாரைக் கழற்றி மாட்டினபோது யாரோ பைப் ரெஞ்சில் முழு பலத்தையும் காட்டியிருக்கிறார்கள். இரும்பு தாங்கும், பிளாஸ்டிக் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது, பிறகு மெதுவாகப் பிளக்கும்.

மாசியில் விட்ட விரிசல் வைகாசியில் ஏன் பேச வேண்டும்? இதை நினைத்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான். மாசியில் கிணற்றுத் தண்ணீர் பத்தடியில் இருந்தது. அதாவது மூன்று மீட்டர். அவ்வளவு உயரம் ஏற்ற மோட்டார் வாயில் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கழித்தால் போதும். விரிசல் வழியாகக் கொஞ்சம் காற்று போனாலும் மோட்டார் சமாளித்துக்கொள்ளும். இப்போது 6.7 மீட்டர். மூன்றில் இரண்டு பங்கைக் கழிக்க வேண்டும். உள்ளே அவ்வளவு வெறுமை, வெளியே முழுக் காற்று, நடுவில் ஒரு விரிசல். கிணறு இறங்க இறங்க அதே விரிசல் வழியாகக் காற்று பலமாகப் பாய்கிறது. ஆகவே தண்ணீர் இறங்கியதால்தான் மோட்டார் நின்றது என்று பிளம்பர் தம்பி சொன்னதில் பொய் இல்லை. பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் ஒண்ணேகால் லட்சம்.

மறுநாள் ஹார்டுவேர் கடை. பித்தளை மரை வைத்த ஒரு இஞ்சு எம்.டி.ஏ. ஒன்று, காலர் ஒன்று, யூனியன் ஒன்று, டெஃப்லான் டேப் இரண்டு, சால்வென்ட் பசை சின்ன டப்பா ஒன்று என்றேன். கல்லாவில் இருந்த பையன், "பிளம்பர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா, மாத்திக் குடுத்துட்டா திருப்பி எடுக்க மாட்டோம்" என்றான். "நான்தான்பா பிளம்பர்" என்றேன். என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். இது எனக்குப் பழகிவிட்டது.

யூனியன் போடலாமா கூடாதா என்று அண்ணாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை. யூனியன் இருந்தால் அடுத்த தடவை குழாயை அறுக்காமல் கழற்றலாம் என்பது அவர் கட்சி. இழுவைக் குழாயில் எத்தனை ஜாயிண்டோ காற்றுக்கு அத்தனை வாசல் என்பது என் கட்சி. "ஃபிட்டர் நானா நீங்களா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. யூனியன் போட்டோம்.

அறுப்பதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியம் எனக்குத் தோன்றியிருக்காது. கிணற்றுக்குள் தொங்குகிற குழாயைக் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி ராட்டினக் காலில் கட்டினார். தண்ணீர் நிறைந்த இருபத்தெட்டு அடிக் குழாய். மேலே அறுத்ததும் பிடிமானம் போய், அப்படியே கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். அப்புறம் போருக்குச் சொன்ன ஆளைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஹாக்சாவால் குழாயை அறுத்து, பைப் ரெஞ்சால் எம்.டி.ஏ.வைத் திருகினதும் அது 'டக்'கென்று உடைந்து, மரைப் பகுதி மட்டும் மோட்டாரின் இரும்பு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. இதற்கு ஹாக்சா பிளேடைத் தனியாகக் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே விட்டு பிளாஸ்டிக்கை மட்டும் உள்ளிருந்து வெளிப்பக்கமாக அறுக்க வேண்டும். இரும்பு மரையைத் தொட்டால் போச்சு. பிளாஸ்டிக்கில் பிளேடு போகும்போது சத்தம் மந்தமாக இருக்கும், இரும்பைத் தொட்டதும் 'கிறீச்' என்று மாறும். அந்த மாற்றம் வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்த வேண்டும். அண்ணா அறுத்தார், கண்ணை மூடிக்கொண்டு. நிஜமாகவே மூடிக்கொண்டுதான். இரண்டு வெட்டு, விரற்கடை இடைவெளியில். நடுவில் இருந்த துண்டைச் சின்ன உளியால் உள்பக்கமாக ஒரு தட்டு. சோளப் பொரிபோல உதிர்ந்து வந்தது. மரை பளபளவென்று, ஒரு கீறல் இல்லை.

அவர் கை நடுங்கும். காபி டம்ளரைப் பிடித்தால் தெரியும். பிளேடைப் பிடித்தபோது நடுங்கவில்லை.

மிச்ச வேலை சுலபம். டெஃப்லான் டேப்பை மரை ஏறுகிற திசையிலேயே பத்துச் சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது உருண்டு வெளியே வந்துவிடும். கையால் இறுகும் மட்டும் திருகி, ரெஞ்சால் அதற்கு மேல் ஒன்றரைச் சுற்று, அதோடு நிறுத்தம். சால்வென்ட் இரண்டு பக்கமும் தடவி, சொருகி, கால் திருகு திருப்பி, அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். என் விரல் மூட்டுகள் அந்த அரை நிமிஷத்தை நன்றாக எண்ணின. ராத்திரி முழுக்கக் காய விட்டோம். பக்கத்து வீட்டிலிருந்து நாலு குடம் தண்ணீர்.

மறுநாள் காலை அண்ணா குளித்து விபூதி வைத்துக்கொண்டு வந்துவிட்டார், மஞ்சள் பையோடு. தண்ணீர் ஊற்றினோம். குளுக் குளுக்கென்று காற்று வெளியேறி, துவாரம் ததும்பி நின்றது. பத்து நிமிஷம் பார்த்தோம். ஒரு மயிரிழை இறங்கவில்லை. மூடியைத் திருகி, ஃபியூஸைப் போட்டு, சுவிட்ச். இருமல் இல்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர்தான் முதலில் கைதட்டினார், மூன்றடி தள்ளி நின்றுகொண்டு.

ஷேவிங் கிரீம் டியூபில் அன்றைக்கு அவருக்கு ஒரு மிளகளவுதான் மிஞ்சியிருந்தது. அதை வைத்துப் பாதிக் கன்னம் ஷேவ் செய்துவிட்டு, மீதிக்குக் குளியல் சோப்பைக் குழைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்குக் கடைக்குப் போய் இரண்டு டியூப் வாங்கிவந்தார். ஒன்றைக் குளியலறையில் வைத்தார். இன்னொன்றை என் டூல் பெட்டியைத் திறந்து, டெஃப்லான் டேப்புக்கும் டெஸ்டருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.